ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றலாகி வருகிறவருக்கு

சென்னையில் வங்கி வேலையில் இருக்கிறீர்கள். ஒட்டன்சத்திரத்துக்கு மாற்றல் வந்திருக்கிறது. மனைவியையும் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். "கடல் இல்லை, மலைவாசஸ்தலம் இல்லை, விவசாய ஊர் என்கிறார்கள். அங்கே பொழுது எப்படிப் போகும், ஆட்கள் எப்படி?" என்பதுதான் கேள்வி.

கூட்டிக்கொண்டு வாருங்கள். மற்றதை விவரமாகச் சொல்கிறேன். நான் அம்பிளிக்கைப் பக்கத்துக்காரன். வீட்டில் தோட்டம் உண்டு, உறவில் மண்டிக்காரர்களும் உண்டு. அதனால் இரண்டு பக்க நியாயமும் ஓரளவு தெரியும். எந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டு எழுதுகிறேன் என்பதைப் பொறுத்துப் பேச்சு கொஞ்சம் சாயலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். திண்டுக்கல்லில் இருந்து பழநி போகும் சாலையில் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது ஊர். இரண்டு பக்கமும் சுமார் 30 கிலோமீட்டர். தெற்கே கொடைக்கானல் மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கும். வடக்கே தாராபுரம் வரைக்கும் மேடும் பள்ளமுமாகச் செம்மண் காடு. மலை மறித்துக்கொள்வதால் தென்மேற்குப் பருவத்தில் நமக்கு மழை வராது, காற்று மட்டும்தான் வரும். ஆடி மாதம் மாடியில் துணி காயப்போட்டால் கிளிப் போட்டுத்தான் போடவேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தெருவில் தேடவேண்டும். மழை என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். அதுவும் பொய்த்துவிட்டால் அடுத்த வருடம் வரை வானத்தைப் பார்ப்பதுதான் வேலை.

2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 30,000. ஆனால் பகலில் நிற்கும் லாரிகளையும் மினி வேன்களையும் டெம்போக்களையும் பார்த்தால் அந்தக் கணக்கை நம்பமாட்டீர்கள். காரணம் காந்தி காய்கறி மார்க்கெட். தென் தமிழ்நாட்டின் பெரிய மொத்தக் காய்கறி மார்க்கெட்டுகளில் இது ஒன்று. கள்ளிமந்தையம், இடையகோட்டை, மார்க்கம்பட்டி, விருப்பாச்சி, சத்திரப்பட்டி, கன்னிவாடி என்று சுற்றுவட்டாரத்தில் விளைவதெல்லாம் இங்கேதான் வந்து இறங்கும். தக்காளி, முருங்கை, கத்தரி, வெண்டை, புடலை, பாகல், அவரை, பச்சைமிளகாய், பூசணி, சின்ன வெங்காயம் எல்லாம் உண்டு. மலையில் இருந்து பீன்ஸும் சவ்சவ்வும் இறங்கிவரும்.

வந்து இறங்குவதில் பாதிக்கு மேல் கேரளத்துக்குப் போகிறது. இதைப் புரிந்துகொண்டால் ஊரைப் பாதி புரிந்துகொண்ட மாதிரி. ஒட்டன்சத்திரம் தமிழ்நாட்டு ஊர்தான், ஆனால் அதன் கடிகாரமும் காலண்டரும் பாலக்காட்டுக்கு அந்தப் பக்கம் மாட்டியிருக்கின்றன.

உதாரணத்துக்கு, இங்கே மார்க்கெட்டுக்கு வார விடுமுறை சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அல்ல. சனிக்கிழமை ஏற்றும் லோடு ஞாயிறு விடியும்போது அங்கே போய் இறங்கும். ஞாயிறு அங்கே கடை கிடையாது. ஆகவே சனிக்கிழமை இங்கே மண்டி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வீட்டில் ஓய்வாக இருக்கும்போது ஊர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை இருக்கும்போது அப்பாவுக்கு வேலை உச்சத்தில் இருக்கும். பெண் பார்க்க வருவது, பத்திரம் பதிவது, பல் பிடுங்கிக்கொள்வது என்று மண்டிக்காரரின் சொந்த வேலை எல்லாம் சனிக்கிழமைக்குத்தான் ஒதுங்கும். உங்கள் கிளையிலும் அது தெரியும். வங்கி திறந்திருக்கும் சனிக்கிழமை என்றால் மண்டிக்காரர்கள் கூட்டமாக வந்து நிற்பார்கள்.

அப்புறம் ஓணம். நமக்குத் தீபாவளி எப்படியோ, மார்க்கெட்டுக்கு ஆவணி ஓணம் அப்படி. சத்யா என்கிற ஓண விருந்துக்கு வேண்டிய பூசணி, சேனை, முருங்கை, பயத்தங்காய், வெள்ளரி எல்லாம் அந்த ஒரு வாரத்தில் மலைபோல் குவிந்து இரவோடு இரவாகக் கரைந்துவிடும். அதைக் குறிவைத்து இங்கே பயிர்வைப்பவர்கள் இருக்கிறார்கள். தமிழ் மாதமும் பார்ப்பார்கள், மலையாள மாதமும் பார்ப்பார்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் புண்ணியத்தில் இன்னொரு சுற்று ஓடும். 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது சரியாக அந்த ஓண வாரமே போய்விட்டது. அங்கே வீடு மூழ்கியது, இங்கே காய் அழுகியது. அந்த நேரத்தில் இங்கிருந்து நிவாரணத்துக்கு அரிசியும் காயும் ஏற்றி அனுப்பினார்கள். "கொடுக்கல் வாங்கல் உள்ள ஊரப்பா, சும்மா இருக்க முடியுமா" என்று ஒரு பெரியவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

உறவு எப்போதும் இனிப்பாகவே இருக்காது. 2015 வாக்கில் தமிழ்நாட்டுக் காய்கறியில் பூச்சிமருந்து எச்சம் அதிகம் என்று கேரளத்தில் பெரிய பேச்சானது. அங்கே உணவுப் பாதுகாப்புத் துறை கெடுபிடி செய்தது. இங்கே கோபப்பட்டவர்கள் பலர். எனக்கு அதில் கோபம் வரவில்லை. மருந்துக்கடை வாசலில் நின்று பார்த்தால் தெரியும். இலைச்சுருட்டைக்கு என்று கேட்டு வருபவருக்கு மூன்று டப்பா கொடுத்து, "கலந்து அடிங்க, சுத்தமா நின்னுரும்" என்று அனுப்பிவைப்பார்கள். எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்கும் தெரியாது. அந்தப் பேச்சுக்கு அப்புறம் சிலர் அறுவடைக்கு முன்னால் மருந்தை நிறுத்தப் பழகினார்கள். எல்லோரும் பழகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய்.

சரி, மார்க்கெட்டுக்குள் ஒரு தடவை போய்ப் பாருங்கள். செருப்பு வேண்டாம், பழைய ஷூ போட்டுக்கொள்ளுங்கள். தரை முழுக்கத் தழையும் நசுங்கிய தக்காளியும் இருக்கும். பகல் முழுக்க வரத்து. இரண்டு சாக்கு கத்தரியை டிவிஎஸ் எக்ஸெல்லில் கட்டிக்கொண்டு வரும் பெரியவரும் வருவார், லோடு வேனில் தக்காளிப் பெட்டி அடுக்கிக்கொண்டு வருபவரும் வருவார். முருங்கைக் கட்டு இறங்கியதும் வியாபாரி ஒரு காயை உருவி இரண்டு கையாலும் முறுக்கிப் பார்ப்பார். பச்சையாக வளைந்து கொடுத்தால் இளசு. தோல் வெடித்து உள்ளே விதை தட்டுப்பட்டால் முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுளிப்புக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறையும். கொண்டுவந்தவர் எதுவும் பேசாமல் வியாபாரி கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். ஏலம் கேட்டு முடிந்து, எடை போட்டு, துண்டுச் சீட்டு கைக்கு வர அதிக நேரம் ஆகாது. நான்கு மாதப் பாடு அந்தச் சீட்டில் ஒரு வரியாக முடிந்துவிடும்.

அந்தச் சீட்டில் கழிவுகள் இருக்கும். கமிஷன் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்து. அதற்குமேல் இறக்குக்கூலி, வண்டி வாடகை, சாக்கு. தக்காளிக்கு இங்கே பெட்டிக் கணக்கு, பெட்டிக்கு 14 கிலோ. ஒரு தோராயக் கணக்கு பாருங்கள். பெட்டி 70 ரூபாய்க்குப் போகிறது என்றால் கிலோ 5 ரூபாய். அதில் கமிஷன் 7 ரூபாய் போக 63. பறிக்க வந்த பெண்களின் கூலி, வேன் வாடகை, இறக்குக்கூலி கழித்தால் மருந்துக்கும் உரத்துக்கும் என்ன மிஞ்சும் என்று நீங்களே பாருங்கள். அதனால்தான் விலை விழுந்த சமயத்தில் பறிக்காமலே மாட்டை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். ரோட்டோரம் தக்காளி கொட்டிக் கிடக்கும் படத்தைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். விளம்பரத்துக்குக் கொட்டுகிறார்கள் என்று நகரத்தில் நினைக்கிறார்கள். திருப்பி எடுத்துப் போக வண்டி வாடகை இல்லாமல் கொட்டுகிறார்கள்.

அதே தக்காளி 2023 ஆடியில் கிலோ நூறைத் தாண்டியது. அப்போது காய் வைத்திருந்தவர்கள் கடனை அடைத்தார்கள், ஒருசிலர் வண்டி எடுத்தார்கள். அடுத்த போகத்தில் எல்லோரும் தக்காளி நட்டார்கள். பிறகு நடந்ததைச் சொல்லவேண்டியதில்லை.

முருங்கை இன்னும் விளையாட்டுக் காட்டும். மார்கழிக் குளிரில் வரத்து இருக்காது, நூறு ரூபாயைத் தாண்டி எங்கேயோ போகும், பம்பாய்க்கும் குஜராத்துக்கும்கூட ஏறும். பங்குனி, சித்திரையில் மரம் முழுக்கக் காய் தொங்கும், ஐந்துக்கும் பத்துக்கும் கேட்க ஆள் இருக்காது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-ல் வெளியிட்ட பிகேஎம்-1 செடிமுருங்கை வந்தபிறகு நட்ட ஆறேழு மாதத்தில் காய்ப்பு வந்துவிடுகிறது. அது வரம்தான். ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரம் கிடைத்தால் விலை என்ன ஆகும்? பூ வைத்திருக்கும்போது ஒரு மழை அடித்தால் பூவெல்லாம் கொட்டிவிடும். அந்த வருடம் கொட்டாமல் தப்பியவர் பணக்காரர். பக்கத்துக் காட்டில் மழை பெய்தது, தன் காட்டில் பெய்யவில்லை என்று சந்தோஷப்படும் விவசாயியை நீங்கள் வேறெங்கும் பார்க்க முடியாது.

மண்டிக்காரரை வில்லனாக்கிப் பார்ப்பது சுலபம். முழு உண்மை அப்படி இல்லை. விதை வாங்க, சொட்டுநீர்க் குழாய் போட, மகள் சடங்குக்கு என்று அவசரத்துக்குக் கையில் பணம் கொடுப்பவர் மண்டிக்காரர்தான். கேட்டால் அன்றைக்கே கொடுப்பார், ஜாமீன் கேட்கமாட்டார், வட்டியும் பல இடங்களில் கிடையாது. ஒரே நிபந்தனை, காய் அவர் கடைக்குத்தான் வரவேண்டும். பாக்கி இருக்கும்வரை பக்கத்துக் கடையில் நாலு ரூபாய் கூடப் போனாலும் வண்டி அங்கே திரும்பாது. இப்படி அப்பா காலத்தில் தொடங்கிய கணக்கு மகன் காலத்திலும் ஓடுகிற வீடுகள் உண்டு. இரண்டு பேரும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருவர் மொய் வைப்பார்கள், பந்தியில் பக்கத்தில் உட்காருவார்கள். கணக்கு என்று வந்தால் மட்டும் குரல் மாறும். நீங்கள் வங்கிக்காரர் என்பதால் இதைச் சொல்கிறேன். உங்கள் பயிர்க்கடன் போட்டியிடுவது இந்த உறவோடு. வட்டி விகிதத்தை மட்டும் வைத்து ஜெயிக்க முடியாது.

கிளையில் உங்களுக்குப் பாதி வேலை நகைக்கடனாகத்தான் இருக்கும். நடவுக்கு முன்னால் ஆனி, ஆடியில் வளையலும் ஆரமும் உள்ளே வரும். தை, மாசியில் வெளியே போகும். மாசியில் போகவில்லை என்றால் அந்த வருடம் விலை கிடைக்கவில்லை என்று அர்த்தம். மார்க்கெட் நிலவரம் தெரிந்துகொள்ளப் பேப்பர் பார்க்கத் தேவையில்லை, லாக்கர் அறையைப் பார்த்தால் போதும். கூட வரும் பெண்மணி நகையைத் தராசில் வைக்கும்போது முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்வார். அப்போது பேச்சுக் கொடுக்காதீர்கள்.

காய்கறி தவிர இன்னொரு பயிரைச் சொல்லியாகவேண்டும், வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். கண்வலிக்கிழங்கு. நம் மாநில மலர் செங்காந்தள்தான், இங்கே கண்வலிக்கிழங்கு என்றால்தான் புரியும். கள்ளிமந்தையம், மார்க்கம்பட்டி தொடங்கி மூலனூர், தாராபுரம் பக்கம் வரை வரிசையாகக் கம்பிப் பந்தலில் ஏற்றிவிட்டிருப்பார்கள். ஆடி, ஆவணியில் கிழங்கு ஊன்றினால் புரட்டாசி, ஐப்பசியில் பூக்கும். சிவப்பும் மஞ்சளுமாகக் காடே தீப்பிடித்த மாதிரி இருக்கும். அந்தப் பூவில் ஒரு சங்கடம். சூலகத்தின் தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும், தானாகக் காய் பிடிப்பது குறைவு. ஆகவே விடிந்ததும் பெண்கள் வரிசையாக நுழைந்து, பூவுக்குப் பூ மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டுவைத்துக்கொண்டே போவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்கவேண்டும். மறுநாள் விரிந்த பூவுக்கு மறுநாள். பூக்கிற காலம் முழுக்க இதே வேலை.

விதையில் இருந்து எடுக்கும் கால்சிசின் கீல்வாத மருந்துக்குப் போகிறது. விதை கிலோ ஆயிரங்களில் விலை போகும், வெளிநாட்டுக்கு ஏற்றுமதி. கிழங்கில் இருந்து விதை வரைக்கும் விஷம். மாடு மேயாது, திருடன் தொடமாட்டான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆனால் வாங்குவது ஒரு சில வியாபாரிகள் மட்டும்தான். அவர்கள் சொன்னதுதான் விலை. ஒரு வருடம் தூக்கிவிடும், மறுவருடம் கவிழ்த்துவிடும். குறைந்தபட்ச விலை வேண்டும் என்று விவசாயிகள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். அறுவடை முடிந்து விதையைச் சாக்கில் கட்டி விலைக்காக வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. உங்கள் மகளிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள், வேலியோரம் அந்தப் பூவைப் பார்த்தால் பறிக்கக்கூடாது என்று.

தண்ணீர். ஊருக்குத் தெற்கே மலையடிவாரத்தில் பரப்பலாறு அணை, 90 அடி. நங்காஞ்சியாற்றின் தொடக்கம் அந்தப் பக்கம்தான். அந்த ஆறு வடக்கே ஓடி அமராவதியில் சேர்கிறது. அணை நிரம்பினால் ஊர் முகத்தில் சிரிப்பு வரும். ஊருக்குக் குடிதண்ணீரும் அதிலிருந்து வருகிறது. விவசாயத்துக்கு நம்பியிருப்பது கிணறும் போரும். தாத்தா வெட்டிய கிணற்றுக்குள் அப்பா போர் போட்டார், மகன் அதைவிட ஆழமாகப் போட்டார். ஆயிரம் அடி என்பது இப்போது ஆச்சரியம் இல்லை. போர் போடும்போது புழுதி பறந்தால் ஈரம் வரவில்லை என்று அர்த்தம். அந்த இரவில் ரிக் வண்டிச் சத்தம் கேட்கும் வீட்டில் யாரும் தூங்கியிருக்கமாட்டார்கள். கல் பார்ப்பவர், தேங்காய் உருட்டுபவர், கம்பி பிடிப்பவர் என்று நீரோட்டம் சொல்ல ஆள் நிறைய. படித்த பையன்களும் மெனக்கெட்டு அவர்களைக் கூட்டிவருவார்கள், கேட்டால் "அப்பாவுக்காக" என்பார்கள்.

சரி, ஆட்கள் எப்படி என்று கேட்டீர்கள். பேச்சில் கொங்கு மரியாதை இருக்கும். சின்னப் பையனைக்கூட "வாங்க தம்பி" என்பார்கள், "ங்க" போடாமல் வாக்கியம் முடியாது. ஆனால் திண்டுக்கல் பக்கத்துக் காரமும் கொஞ்சம் கலந்திருக்கும், அதனால் கோயமுத்தூர் மாதிரி நீட்டி இழுக்கமாட்டார்கள். வீட்டுக்கு வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டார்கள். தோட்டத்துக்குப் போனால் ஒரு பை தேங்காயும் ஒரு பை கத்தரிக்காயும் வண்டியில் ஏறியிருக்கும், வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. வெண்ணெய் இந்த ஊர்ப் பெயரிலேயே வெளியூரில் விற்கும் சரக்கு, அதுவும் கொஞ்சம் வரும்.

அதே சமயம் வருமானத்தைச் சொல்லமாட்டார்கள். "இந்தத் தடவை எப்படிங்க?" என்று கேட்டால், நல்ல விலைக்குப் போயிருந்தாலும் "ஏதோ போகுதுங்க, கையக் கடிக்கல" என்பதுதான் பதில். நஷ்டம் என்றாலும் அதே பதில். குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். அடுத்தவர் என்ன நட்டிருக்கிறார், எத்தனை ஏக்கர், எந்தக் கடைக்குப் போகிறது என்பதெல்லாம் டீக்கடையில் துல்லியமாக ஓடும். காலை டீக்கடையில் அரசியலுக்கு முன்னால் விலை பேசுவார்கள். அரசியல் பேசவும் அதிகம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1996 முதல் 2021 வரை நடந்த ஆறு சட்டமன்றத் தேர்தல்களிலும் இந்தத் தொகுதி தேர்ந்தெடுத்தது ஒரே ஆளை, திமுகவின் அர. சக்கரபாணியை. ஆட்சி மாறினாலும் தொகுதி மாறவில்லை.

சாதியைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியவன் ஆவேன். வீடு வாடகைக்குக் கேட்கும்போது ஊர்ப்பெயர் கேட்பார்கள், அப்பா பெயர் கேட்பார்கள், குலதெய்வம் எது என்று கேட்பார்கள். கேட்பது எதற்கு என்று உங்களுக்கும் தெரியும். நிலம் ஒரு பக்கம், கூலி ஒரு பக்கம் என்ற பழைய பிரிவு தோட்டங்களில் இன்னும் தெரியும். முன்னைவிடக் குறைந்திருக்கிறது, அது உண்மை. குறைந்ததற்குக் காரணம் பெருந்தன்மை மட்டும் இல்லை, ஆள் பற்றாக்குறையும்தான். அதிகாலையில் மில் வேன்கள் கிராமம் கிராமமாக வந்து இளம்பெண்களை வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளுக்கு ஏற்றிக்கொண்டு போகின்றன. பையன்கள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். நூறு நாள் வேலை வந்தபிறகு, தோட்டத்து வேலைக்குக் கூப்பிட வருபவர் வாசலில் நின்று பணிவாகக் கேட்கவேண்டியிருக்கிறது. பறிப்புக்கு மீதம் இருப்பது நாற்பதைத் தாண்டிய பெண்கள். அவர்களுக்கு ஒரு தலைவி இருப்பார், அவரிடம் பேசினால்தான் ஆள் வரும். எத்தனை மணிக்கு ஏறுவது, எத்தனை மணிக்கு இறங்குவது, டீ யார் செலவு என்பதெல்லாம் அவர் வைத்த சட்டம். பத்து ஏக்கர்க்காரர் அவருக்கு போன் போட்டு "அக்கா, நாளைக்கு எப்படியாச்சும்" என்று கெஞ்சுவதைக் கேட்பது எனக்கு ஒரு சந்தோஷம்.

குழந்தை இருப்பதால் மருத்துவத்தைப் பற்றி யோசிப்பீர்கள். இந்த அளவு ஊருக்கு ஒட்டன்சத்திரம் கொடுத்துவைத்தது. 1955-ல் கேரளத்து மருத்துவர்கள் ஏ. கே. தரியனும் ஜேக்கப் செரியனும் இங்கே கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார்கள். அப்போது இந்தப் பக்கம் காலராவுக்கும் பிரசவத்துக்கும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு திண்டுக்கல் போகவேண்டும். என் அப்பா தலைமுறையில் பாதிப் பேர் அந்த ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள்தான். பின்னால் ஜேக்கப் செரியன் அம்பிளிக்கையில் தனி மருத்துவமனையும் கல்வி நிறுவனங்களும் உருவாக்கினார். இதன் விளைவு ஒன்று, பக்கத்து ஊர்களில் இருக்காது: நர்ஸ்கள், டாக்டர்கள், ஆசிரியைகள் என்று மலையாளம் பேசும் குடும்பங்கள் ரொம்ப காலமாக இங்கேயே இருக்கின்றன. காய் அங்கே போகிறது, டாக்டர் இங்கே வந்தார். திருவனந்தபுரத்தில் இருந்து மதுரை வழியாக ராமேஸ்வரம் போகும் அமிர்தா எக்ஸ்பிரஸும் இந்த வழியாகத்தான் போகிறது.

தைப்பூசத்தையும் பங்குனி உத்திரத்தையும் பார்க்காமல் இந்த ஊரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. திண்டுக்கல், மதுரை, காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் இருந்து பழநிக்கு நடப்பவர்கள் எல்லோரும் இந்தச் சாலையில்தான் வருவார்கள். இரவு பகல் பச்சையும் காவியுமாக ஓடிக்கொண்டே இருக்கும். இங்கே வந்து சேரும்போது பலருக்குக் கால் கொப்பளித்திருக்கும், இன்னும் ஒரு நாள் நடை பாக்கி. அந்த நாட்களில் விலை பேசும் அதே மண்டிக்காரர்கள் மண்டி வாசலில் அண்டா வைத்துச் சோறு போடுவார்கள். வெந்நீர் வைத்துக் காலுக்கு எண்ணெய் தடவிவிடும் பந்தல்களும் உண்டு. நாலணாவுக்கு வாதாடும் ஆள் நாலு மூட்டை அரிசியைக் கணக்கில்லாமல் கொட்டுவதைப் பார்க்கலாம். முருகனோடு அவர்களுக்குத் தனிக் கணக்கு.

இனி இல்லாதவை. பெரிய புத்தகக் கடை இல்லை. நடந்துபோக ஒரு நல்ல பூங்கா இல்லை. பெரிய கடைத்தெருவுக்குத் திண்டுக்கல் போகவேண்டும், மதுரையும் கோவையும் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட இடம் குறைவு, ஆனால் லாரிக்காரர்களுக்காகப் பரோட்டாக் கடைகள் வெகுநேரம் திறந்திருக்கும், ருசியில் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை பொழுதுக்குப் பரப்பலாறு தாண்டிப் பாச்சலூர், தாண்டிக்குடி மலைப்பாதையில் ஏறுங்கள். காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும், கொடைக்கானல் கூட்டம் எதுவும் இல்லாமல் இருக்கும். விருப்பாச்சி மலைவாழைப்பழம் அந்தப் பக்கத்துச் சரக்கு, புவிசார் குறியீடு பெற்றது. சின்னதாக, தோல் கறுத்து, விற்காத பழம் மாதிரி இருக்கும். அப்போதுதான் சாப்பிடவேண்டும். விருப்பாச்சியிலேயே கோபால் நாயக்கரின் மணிமண்டபமும் இருக்கிறது. வேலுநாச்சியாருக்கு அடைக்கலம் கொடுத்த பாளையக்காரர் அவர், 1801-ல் ஆங்கிலேயர் தூக்கிலிட்டார்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். பழநிப் பக்கம் போனால் ஆயக்குடியில் காலையில் ரோட்டோரம் கொய்யாச் சந்தை, மார்க்கெட் விலையில் பாதிக்குக் கிடைக்கும்.

வீடு பார்க்கும்போது மார்க்கெட்டை ஒட்டியும் தாராபுரம் ரோட்டு முனையிலும் பார்க்காதீர்கள். ராத்திரி முழுக்க லாரி ஹாரன், மழைக்காலத்தில் அழுகிய காய் வாடை. ரயில்வே ஸ்டேஷன் பக்கமும் உள்தெருக்களும் அமைதியாக இருக்கும். போர் தண்ணீர் உப்பா என்று வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். பள்ளிகளுக்குக் குறைவில்லை, ஆனால் நல்ல பள்ளிகளின் வேன் தோட்டங்களைச் சுற்றிவரும், சின்னப் பிள்ளை ஒரு மணி நேரம் வண்டியில் உட்காரவேண்டியிருக்கும், வழித்தடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாமான் ஏற்றி வரும் நாளைத் தைப்பூச வாரத்தில் வைக்காதீர்கள், வண்டி ஊருக்குள் நுழையாது. சனிக்கிழமை வாருங்கள். ஏற்றியிறக்கும் ஆட்கள் அன்றைக்குத்தான் சும்மா இருப்பார்கள், கூலியும் படியும்.